மைக்கைக் குறைக்கச் சொன்னார்கள்

பனியன் கம்பெனி ஒன்றின் ஆயுத பூஜைக் கச்சேரி. எங்கள் குழுவுக்கு நான்தான் சவுண்டு. மேடையில் அரசியல் பேசக் கூடாது என்பது என் கொள்கை. பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்காது.

எங்கள் பாடகி வேறொரு கம்பெனியில் டெய்லர், தெற்கத்திப் பெண். பாட்டின் நடுவே, வாத்தியங்கள் ஒலிக்கும்போதே பேசத் தொடங்கிவிட்டாள்.

"எங்க வேலை நேரத்தைக் கூட்டுனவுக, இனி எங்ககிட்ட ஓட்டுக் கேட்டு வராதீக!"

முன்வரிசையில் முதலாளி. பக்கத்தில் அவர் அழைத்து வந்த கட்சிக்காரர். மேனேஜர் என் காதருகே குனிந்தார்.

"அந்தப் புள்ள மைக்கைக் கொறைங்க."

"இதோங்க!"

அவசரத்தில் மிக்சரில் அகப்பட்ட வால்யூமையெல்லாம் இறக்கினேன். கீபோர்டு அடங்கியது. தபேலா அடங்கியது. அவள் மைக் மட்டும் அப்படியே இருந்தது. அவள் சொன்னதெல்லாம் கடைசி வரிசைவரை துல்லியமாகக் கேட்டது. ஒருவரும் கை தட்டவில்லை.

இறங்கும்போது அவள், "அண்ணே, உங்களுக்கு இம்புட்டுத் தைரியமா!" என்றாள். எனக்கு அழுகை வந்தது.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது முதலாளி சிரித்தபடி வந்தார்.

"சவுண்டு ரொம்பத் தெளிவுங்க. ஊடு எங்கீங்க?"

பதற்றத்தில் தெரு, கதவு எண், எதிரிலிருக்கும் பேக்கரி வரை ஒப்பித்தேன்.

"அந்தப் புள்ளைக்கு எங்கீங்க?"

"தெரியாதுங்க" என்றேன். அன்று நான் செய்த ஒரே வீரம் அதுதான்.

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே என் வேனின் முன்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள்.