திட்டில் கிடந்த சங்கு

ரோட்டோரம் மண் வெட்டிய பள்ளத்தைக் கண்டால், பஸ்ஸில் என் கழுத்து தானாக ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். "இந்த வயசுல எறங்கிச் சிப்பி பொறுக்கப் போறீங்களாக்கும்" என்பாள் மனைவி. அந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், மீமிசல் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது.

முதலில் கடற்கரையில்தான் பொறுக்கினேன். அலை ஒதுக்கிய சிப்பிகளில் ஒன்றிரண்டு பழுப்பேறி, கல்லாகக் கனக்கும். பிறகு ரோடு போட மண் வெட்ட ஆரம்பித்தார்கள். கடலிலிருந்து நாலைந்து மைல் உள்ளே, பனங்காட்டுக்கு நடுவில், இரண்டடி ஆழத்தில் சிப்பிப் படுகை! இங்கேயும் ஒரு காலத்தில் அலை அடித்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துவிடுவேன். பையில் அடிக்கோல், பேனாக்கத்தி, ஒரு நோட்டு. எது கிடைத்தாலும் எத்தனை அடி ஆழம் என்று அளந்து எழுதாமல் கை வைக்கமாட்டேன். மண் வெட்டுகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கென்ன வந்தது.

பள்ளத்துக்கு நடுவே ஒரு மண்திட்டை மட்டும் அவர்கள் வெட்டாமல் விடுவார்கள். அதன் தலைதான் பழைய தரைமட்டம். ஓவர்சியர் வந்து அதன் உயரத்தை அளந்துதான் எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள் என்று எழுதுவார்; அந்தக் கணக்குக்குத்தான் கூலி. அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது.

அந்தத் திட்டின் இடுப்பில் ஒருநாள் சங்கு தெரிந்தது. கல்லாகிப்போன முழுச் சங்கு, நுனி உடையாமல். அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"சார், அதுல மட்டும் கை வச்சுராதீங்க" என்றாள் அங்கே மண் சுமந்த ஒரு பெண். "நாளைக்கு அளக்க வாராக. ஒரு வாரமா இத்தன பேரு வெட்டுனது அதுலதான் இருக்கு."

தலையாட்டினேன். அவர்கள் வீட்டுக்குக் கிளம்பியதும் பள்ளத்தில் இறங்கினேன். வழக்கம்போல அளந்தேன். தலையிலிருந்து இரண்டடி மூன்று அங்குலம். எழுதினேன். கொஞ்சம் சுரண்டிப் பார்ப்போம் என்று கத்தியை வைத்தேன். சங்குக்கு மேலே இருந்த மண் அப்படியே சரிந்தது. சங்கு கையில், பாதித் திட்டு காலடியில்.

வீட்டில் சங்கை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பொழுது விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அங்கே போனேன்.

ஓவர்சியர் கத்திக்கொண்டிருந்தார். "திட்டு இல்லாம நான் எத அளக்குறது? திரும்ப வெட்டுங்க!"

"இடித்தது நான்தான்" என்றேன். மிச்சமிருந்த திட்டின் மேல் சங்கு பதிந்த குழி அப்படியே இருந்தது. சங்கை அதில் வைத்துத் திருப்பினேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. "இதுக்கு மேலே ரெண்டடி மூணு அங்குலம் இருந்தது. எழுதி வச்சிருக்கேன்."

"நோட்டுல யாரு வேணா எழுதலாம்" என்று சொல்லிக்கொண்டே அவர் புரட்டினார். பக்கம் பக்கமாக நத்தை, சிப்பி, அடி, அங்குலம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவு வெட்டிவேலைய எவனும் பொய்யாச் செய்யமாட்டான்."

ஒப்புக்கொண்டார். ஆனால் பெரிய அதிகாரி வந்து பார்க்கும்வரை சங்கு அங்கேயே இருக்கவேண்டும் என்றார்.

அதிகாரிக்கு முன்னால் மழை வந்தது. மறுநாள் போனால் பள்ளம் நிறையத் தண்ணீர். அந்தப் பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் நின்றாள். "எடம் எனக்குத் தெரியும் சார். எடுத்தாரேன்."

அவ்வளவு ஆசை எனக்கு. ஆனாலும், "வேண்டாம்மா, அவர் பாத்துட்டுப் போகட்டும்" என்றேன்.

அவர் வரவேயில்லை. பள்ளம் வற்றுவதற்குள் என்னைக் குன்றாண்டார்கோவில் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே எங்கு பார்த்தாலும் வெறும் பாறை.

இப்போது அந்தப் பள்ளம் ஊருக்குக் குளமாகிவிட்டது. பெண்கள் துணி துவைக்கிறார்கள், பிள்ளைகள் குதிக்கிறார்கள். பஸ் அதைத் தாண்டும்போது இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. போகட்டும், அன்றைக்கு அவர்கள் யாரும் திரும்ப வெட்டவில்லை.