சஹனில் நாலாவது ஆள்

அந்த மழைக்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மூடுபனிதான். சிங்கப்பூரில் ஏது மூடுபனி என்று நீங்கள் சிரிக்கலாம். அப்போது ஜாலான் புசார் பாதி சாலை, பாதி சதுப்பு. விடிகாலையில் சதுப்பின் ஆவியும் சிராங்கூன் சாலை மாட்டுக் கொட்டில்களின் புகையும் கலந்து பாக்கு மரங்களை இடுப்பு வரை விழுங்கிவிடும். மரத்தலைகள் மட்டும் மிதக்கும். அதற்குள்தான் அண்டா அளவுச் சோற்றுத் தேக்சாக்களை ஏற்றிய மாட்டு வண்டியில் நான் பொங்கோலுக்குப் போய்வந்தேன். நிஜமாகவே போனேனா என்று இப்போதும் சில சமயம் சந்தேகம் வருகிறது.

நான் பண்டாரி. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த எங்கள் முஸ்லிம் ஜனங்களின் கல்யாணங்களுக்கு நெய்ச்சோறும் களறிக் கறி என்கிற விருந்து ஆட்டுக்கறியும் ஆக்கிப் போடுவது என் பிழைப்பு. என் காக்கா, அதாவது மூத்த அண்ணன், துணி வியாபாரி. கடலுக்கு அந்தப் பக்கத் தீவில் ஆற்றோரக் கிராமங்களுக்குக் கைலி மூட்டையோடு போவார். அந்தத் தீவை ஆண்டது வேறொரு வெள்ளைக்கார அரசாங்கம். அதற்கும் மலையில் இருந்த கிளர்ச்சிக்காரர்களுக்கும் பல வருஷமாகச் சண்டை. அரசாங்கத்துக்குத் துப்புச் சொல்ல வந்தவர் என்று சந்தேகப்பட்டு, கிளர்ச்சிக்காரர்கள் காக்காவைப் பிடித்து மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. உம்மாவுக்குக் கடிதம் எழுத உட்காருவேன், மை காய்ந்துவிடும்.

அந்தத் தீவிலிருந்து மிளகுப் படகுகள் வருவது நின்றதும் எங்கள் ஊர்த் துரைமார்களுக்குத் திடீரென்று சமாதானத்தின் மேல் பக்தி வந்துவிட்டது. பக்கத்து நாடு என்ற முறையில் நாங்கள் நடுவில் நிற்கிறோம், இரண்டு தரப்பும் இங்கே வந்து பேசுங்கள் என்றார்கள். பொங்கோல் கடற்கரையில் தவுக்கே எனப்படும் ஒரு சீன முதலாளியின் பங்களாவை அதற்காக வாங்கிவைத்தார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம்கள் என்பதால் சமைக்க ஒரு முஸ்லிம் பண்டாரி தேவைப்பட்டது. நான் போய் நின்றேன். பேச்சு வெற்றி பெற்றால் பிடிபட்டவர்களை இரண்டு பக்கமும் விடுவிப்பார்கள் என்று கேள்வி. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மலை யாருக்குப் போனால் எனக்கென்ன?

வண்டிக்காரர் சிராங்கூன் சாலை மாட்டுக்காரர்களில் ஒருவர், வேலூர்ப் பக்கத்து ஆள், வாய்த்துடுக்கு அதிகம். "பாய், உங்க கறி வாசத்துல என் மாடே ராஜினாமா பண்ணப் போவுது" என்பார். நான் சிரிக்காவிட்டால் கொஞ்ச தூரம் போனபின் குரலைத் தாழ்த்தி, "வந்துருவாரு பாய், வந்துருவாரு" என்பார். சக்கரம் சேற்றில் ஏறி இறங்கும். தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிகிற இடத்தில் தினமும் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அந்தத் தூக்கத்தில் காக்கா தோளில் மூட்டையோடு தண்ணீர் மேல் நடந்து வருவார்.

பங்களாவில் நடு வழி ஒன்று, இரு பக்கமும் இரண்டு கூடங்கள். வலப் பக்கம் அந்தத் தீவு அரசாங்கத்துக்கு ஆதரவான ஊர்த் தலைவர்கள். இடப் பக்கம் மலைக்காரர்கள். வெள்ளைக்காரர்கள் மாடியில் தட்டில் சாப்பிட்டார்கள். "பரிமாறு, போ, யாரிடமும் பேசாதே" என்று எங்கள் துரை முதல் நாளே எச்சரித்திருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காக்காவைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கே நெய்ச்சோறு போடுகிறேன், ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாம்.

மலைக்காரர்களின் சார்பில் பேசியவர் ஒரு கண்ணில் பூ விழுந்த பெரியவர். எதிர்த் தரப்பில் முக்கியமானவர் கைலிக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு தலைவர். இருவரும் ஒரே ஆற்றங்கரையில் பிறந்தவர்கள் என்றார்கள். எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் கடலைப் பார்ப்பார்.

எங்கள் விருந்தில் சோறு தட்டில் வராது, சஹனில் வரும். பெரிய வட்டத் தாம்பாளம். அதைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். நாலு பேர் சேராமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். அதனால் பந்தியில் நின்று "இங்க ஒரு ஆள்! இங்க ஒரு ஆள்!" என்று கூவி, நிற்கிறவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பது பண்டாரியின் வேலைகளில் ஒன்று. உட்கார்ந்தவர் பாதியில் எழுந்தால் சோற்றையே அவமதித்தது போல.

கடைசி நாள். மலைக்காரர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். இடக் கூடத்துச் சஹனில் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கோட்டுக்காரர் மாடியிலிருந்து தாமதமாக இறங்கி வந்து நடு வழியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் தூக்கமில்லாத ஆள். கடல் வெளிச்சம் வேறு கண்ணைக் கூசவைத்தது. ஏதோ கல்யாண வீட்டில் நிற்கிறேன் என்றே தோன்றிவிட்டது. "இங்க ஒரு ஆள்! வாங்க, சோறு ஆறுது!" என்று கூவி, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பெரியவருக்கு எதிரில் உட்காரவைத்துவிட்டேன்.

வாயிலிருந்து சத்தம் போன பிறகுதான் புத்தி வந்தது. துரை கதவருகில் வெளுத்துப்போய் நின்றார். கோட்டுக்காரர் எழப் பார்த்தார்; ஆனால் முன்னால் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. மெதுவாகக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். பெரியவர் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார். நாலு கைகள் சோற்றில் இறங்கின.

பாதியில் பெரியவர் ஒரு நல்ல கறித் துண்டை எடுத்து எதிரே தள்ளினார். சஹனில் மூத்தவர்கள் செய்கிற மரியாதை அது. கோட்டுக்காரர் அதைத் திருப்பித் தள்ளினார். அது மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. பிறகு கோட்டுக்காரர் அதைப் பிய்த்துப் பாதியை வாயில் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்ட பின் கெண்டியால் அவர்கள் கையில் தண்ணீர் ஊற்றினேன். இனி என்ன ஆனாலும் சரி என்று பெரியவரிடம் மலாயில் கேட்டே விட்டேன்: "துணி விக்க வந்த ஒருத்தர் உங்க மலையில இருக்காரா? எனக்குக் கூடப்பிறந்தவர்."

அவர் நல்ல கண்ணால் என்னை உற்றுப் பார்த்தார். "இருக்கான். எங்களோடதான் சாப்பிடுறான். ஆனா அவன் இவங்க ஆளு."

கோட்டுக்காரர் கையை உதறினார். "எங்களுக்குத் துப்புச் சொல்ற ஆளுங்களை நானேதான் அனுப்புறேன். அவன் அதுல இல்ல. இந்தச் சோத்து மேல சொல்றேன்."

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த வார்த்தையை மாடியில சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு என்னிடம், "அனுப்பிவைக்கிறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே பேச்சு முறிந்தது. ஆயுதத்தை யார் முதலில் கீழே வைப்பது என்பதில் நின்றுபோயிற்று என்று பிறகு சொன்னார்கள். இரண்டு படகுகள் பொங்கோல் கரையைவிட்டு இரண்டு பக்கமாகப் போயின. காலித் தேக்சாக்களோடு திரும்புகையில் வண்டிக்காரர் தலையைத் தொங்கப்போட்டு மாட்டை ஓட்டினார். நான் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். அவர்களுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை; எனக்குக் காக்கா கிடைத்துவிட்டார்.

சில வாரம் கழித்து, திருட்டுத்தனமாக வந்த ஒரு மிளகுப் படகில் காக்கா வந்து இறங்கினார். இளைத்துப்போயிருந்தார், வெயிலில் கறுத்து, யாரோ கொடுத்த மலைக் கைலியோடு. படகுத்துறையிலேயே கட்டிப்பிடித்து அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், நான்தான் எங்கோ தொலைந்து திரும்பியவன் மாதிரி.

அன்று வீட்டில் களறிக் கறி ஆக்கினேன். சஹனில் காக்காவும் நானும் என் சமையல் கையாளும் உட்கார்ந்தோம். காக்கா கை வைக்கவில்லை.

"ஒரு ஆள் குறையுது" என்றார்.

"வீட்டுல என்ன காக்கா கணக்கு? சாப்பிடுங்க."

"அந்தப் பெரியவருதான் என்னைய ஆத்தங்கரை வரைக்கும் கூட்டியாந்தாரு. ஒத்தக் கண்ணோட, அவ்வளவு தூரம். அரசாங்கப் பட்டாளம் திரும்ப இறங்கிடுச்சு, நீங்க போங்கன்னேன். சொன்ன சொல்லு இருக்குன்னாரு. படகு வளைவுல திரும்புறதுக்குள்ள வெடிச் சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். கரையில யாரும் நிக்கல."

பிறகு சோற்றில் கை வைத்தார். நல்ல துண்டாக ஒன்றை எடுத்து, யாரும் உட்காராத பக்கத்துக்குத் தள்ளினார்.

என்னைக் கேட்டால், நான் வாழ்க்கையில் சமைத்ததிலேயே ருசியானது அன்றைய கறிதான். எனக்கு இறங்கவில்லை. பழக்க தோஷத்தில் "இங்க ஒரு ஆள்" என்று கூவ வாய் திறந்தது. கூப்பிட யார் இருக்கிறார்கள் என்று மூடிக்கொண்டேன். சஹனைத் தூக்கும்போது அந்தத் துண்டு அங்கேயே இருந்தது.