பொன்னி வீட்டு விளக்கு மாடம்

பொன்னிக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. காய்காரி கறிவேப்பிலையைக் கொசுறாகக் கொடுத்தால்கூட, "வாடிப்போனதை என் தலையில கட்டறியா?" என்று கேட்பாள். அப்படிப்பட்டவள் வீட்டை விற்கக் கிளம்பினால் லேசில் முடியுமா?

ஆனால் விற்றே ஆக வேண்டும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, முட்டிவலியோடு தனியாகக் கிடக்கிறாள். வேங்கிக்காலில் மகள் ரேவதி வீட்டை ஒட்டியே ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. தை முடியும்வரைதான் பொறுப்பேன் என்று அந்த வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சுண்ணாம்பு அடிக்க ஆள் வைத்தாள். தண்ணீரை ஜாஸ்தியாகக் கலந்து ஏமாற்றுவானோ என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கூடத்துச் சுவரில் விளக்கு மாடம். அவள் வாழ வந்த நாளிலிருந்து ஏற்றிய விளக்கின் கரி அதில் அப்பிக் கிடந்தது.

"இதை அப்படியே விட்டுடட்டுமாம்மா?" என்றான் அவன்.

"வேலையைக் கம்மி பண்ணப் பாக்கறியா? சுரண்டிட்டு அடி!"

மாடம் பளிச்சென்று ஆனது. மறுபடியும் கரி ஏறிவிடக் கூடாதே என்று விளக்கைச் சமையலறைக்கு மாற்றிவிட்டாள்.

வீடு பார்க்க வந்தவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். கூடத்துக்கு வந்ததும் முகம் மாறியது. "சொல்லி அனுப்பறோங்க" என்று நழுவினார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே.

பக்கத்து வீட்டில்தான் கொழுந்தன் அப்பாதுரை இருந்தான். "நான் பொறந்த வீட்டை வெளியாளுக்கா விக்கறீங்க அண்ணி?" என்று ஒருநாள் முனகியவன். வருகிறவர்களைத் தெருமுனையிலேயே மடக்கிப் பேசவும் செய்தான். போதாதா பொன்னிக்கு?

"வத்தி வைக்கிறான்டி! உருப்படுவானா அவன்?" என்று மகளிடம் பொரிந்தாள். அவன் வீட்டிலிருந்து வந்த பொங்கலைத் தொடக்கூட இல்லை.

தை கடைசியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். அந்த அம்மாள் உண்ணாமலை நேராக மாடத்துக்குப் போய் விரலால் தடவிப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இங்க விளக்கே ஏத்தறதில்லையா? கரி இல்ல, எண்ணெய்ப் பிசுக்கு இல்ல. ஏதாச்சும் ஆகிப்போன வீடோன்னு பயமா இருக்கு."

பொன்னிக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, முன்னால் வந்தவர்களும் இதைப் பார்த்துத்தான் ஓடினார்களா! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே! சுரண்டச் சொன்ன கதையைச் சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது.

உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்தது. "பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாருக்கா. 'எங்க அண்ணி தினம் விளக்கு வைக்கற வீடு, நம்பி வாங்குங்க'ன்னாரு. மாடத்தைப் பாத்ததும், மனுஷன் புளுகறாருன்னு நெனச்சிட்டேன்."

விலை பேசி முடித்து அவர்கள் போனதும் பொன்னி விளக்கை மாடத்தில் வைத்து ஏற்றினாள். ஜன்னல் வழியாக அப்பாதுரையின் வாசல் தெரிந்தது. வருகிறவர்களிடமெல்லாம் இதையா சொல்லிக்கொண்டிருந்தான்? இவனைப் போய் என்னென்ன பேசிவிட்டோம் என்று கண் கலங்கியது.

கொஞ்ச நேரம்தான்.

"அது சரி, என்னைக் கிளப்பிவிட இவனுக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்றாள்.