செவ்வாய்க்கிழமைப் பை

என் வயிற்றுக்கு முன்னால் ஒரு பை தொங்குகிறது. கறுப்பு ரெக்சின், மேலே ஒரு பித்தளைக் குமிழ், கீழே மூன்று குஞ்சங்கள். இரண்டு பக்கமும் சங்கிலி ஓடி இடுப்புக்குப் பின்னால் பூட்டிக்கொள்ளும். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை ஸ்போரன் என்கிறார்கள். அவர்கள் கட்டுகிற கில்ட் என்ற கட்டம் போட்ட மடிப்புப் பாவாடையில் பை தைப்பதில்லை. அதனால் தனியாக ஒன்றை முன்னால் தொங்கவிட்டுக்கொள்வார்கள். சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு நடுவே, ஒரு ரிசார்ட் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிற உனக்கு இது எதற்கு என்று என் அம்மா இன்றுவரை கேட்கிறாள். இதற்குள் போன், பேனா, சாவிக்கொத்து, கூடவே எப்போதும் ஒரு கடலைமிட்டாய். எனக்குக் கடலைமிட்டாய் பிடிக்காது.

கதை சூப்பர்வைசர் அக்காவிடம் தொடங்குகிறது. அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. அதற்கு முன்னால் பல வருஷம் தோட்டத்தில் காய் எடுத்தவர். அந்தக் காலத்துக் காக்கித் துணிப்பை ஒன்றை ரிசார்ட்டுக்கு வந்த பிறகும் இடுப்பில் கட்டியிருந்தார். அட்டை கடித்தால் வைக்க அதில் உப்பு முடிச்சு இருக்கும், அது எல்லோருக்கும் தெரியும். வேறு என்ன இருந்தது என்பதுதான் தெரியாது. பத்தரை மணி ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பைக்குள் கையை விடுவார். அடுத்தவர் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எட்டிப் பார்ப்பேன். "ஏட்டி, வந்தவுக பெட்டிய எண்ணு. என் பைக்குள்ள உனக்கு என்ன சோலி?" என்பார். கணவர் இல்லை. ஒரே மகள் தேனியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்து முடிக்கும்வரை, இன்னும் இரண்டு வருஷம், இந்த வேலை நிலைத்தால் போதும் என்பதைத் தவிர அக்கா தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொச்சியிலிருந்து புது மேனேஜர் வந்தார். எங்கள் ரிசார்ட் இருக்கும் பங்களாவில் ஒரு காலத்தில் ஸ்காட்லாந்து துரை ஒருவர் குடியிருந்ததாக யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். போச்சு, ஆளுக்கொரு கில்ட். ஆண்களுக்கு முழங்கால் வரை, பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் நீளம், உள்ளே கறுப்பு லெக்கின்ஸ். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து முடிக்கவே ஒரு வாரம் ஆனது. அக்கா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "மழைக்குச் சேலை மேல சாக்கச் சுத்துனவதானே நானு. இது என்ன பெரிய இது" என்று கில்ட்டைக் கட்டி, அதன் மேல் காக்கிப் பையையும் கட்டிக்கொண்டார்.

மேனேஜருக்கு அது கண்ணை உறுத்தியது. வாசலில் நிற்கும் ஆண்களுக்கு மட்டும் ஸ்போரன் வாங்கியிருந்தார். அதில் ஒருவர் சீப்பு வைத்திருந்தார், மற்றவர்கள் ஒன்றுமே வைக்கவில்லை. பெண்களும் பை போடலாமா என்று என்னிடம் பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் போனில் ஐந்து நிமிஷம் தேடினேன். கண்ணில் பட்ட படமெல்லாம் தாடிக்காரர்கள். "பெண்களுக்கு அது கிடையாது சார்" என்றேன், ஏதோ அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி. அன்றே அக்காவின் பையைக் கழற்றச் சொல்லிவிட்டார். அக்கா பையை அவிழ்த்து என் மேசைமேல் வைத்து, "பூட்டி வையி. தொறக்காத" என்றார். தினமும் பத்தரைக்கு வருவார், நான் இழுப்பறையைத் திறந்து கொடுப்பேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இடைப்பட்ட நேரத்தில் அதைத் திறந்து பார்க்காமல் இருந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். என் ஆயுளில் நான் திறந்து பார்க்காத பை அது ஒன்றுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அதில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள், அசல் ஸ்காட்லாந்துக்காரர், அசல் கில்ட் கட்டியிருந்தார். அதன் முன்னால் தேய்ந்து பழுப்பேறிய தோல் ஸ்போரன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் சாக்கில் அவர் பின்னாலேயே போனேன். பெண்கள் இதைப் போடலாமா என்று கேட்டேன். அவர் தாயார் காலத்தில் போடக்கூடாது என்பார்களாம். இப்போதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டாம். அவர் தங்கை தோளில் குறுக்காகப் பை மாட்டிக்கொள்வாராம். மருமகள் பெல்ட்டில் ஒரு சின்னப் பையைக் கோத்துக்கொள்வாளாம். நடனமாடும்போது ஸ்போரன் தொடையில் இடிக்கும் என்பதால் இவர் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடுவாராம். "உடுப்பில் பை இல்லை. கையில் சாமான் இருக்கிறது. எங்கே வைப்பது? கூடாது என்கிறவர்கள் முதலில் அதைச் சொல்லட்டும்" என்றார். எனக்கு முகம் செத்துப்போனது. அப்போதுதான் மணி பார்த்தேன். பதினொன்று தாண்டியிருந்தது. இழுப்பறைச் சாவி என் கையில் இருந்தது.

ஓடி வந்தேன். மேசைக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார் அக்கா. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. பின்னாலேயே வந்த அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் ஸ்போரனைத் திறந்து இரண்டு மிட்டாயை எடுத்து அக்காவின் வாயில் வைத்தார். நான் இழுப்பறையைத் திறந்து காக்கிப் பையைக் கொட்டினேன். உப்பு முடிச்சு. வேலைக்காரப் பெண்களுக்காக ஊக்குகள். வாரம் தவறாமல் நான் கேட்டு வாங்கும் தலைவலி மாத்திரை. ஒரு குளுக்கோஸ் பொட்டலம், இரண்டு கடலைமிட்டாய், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சீட்டு. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும், உடனே இனிப்புக் கொடுக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தின வருஷம் மயங்கி விழுந்த ஒரு பெண்ணை, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அன்போடு வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிடவே இல்லை. அக்கா எதை மறைத்தார், ஏன் மறைத்தார் என்பது அந்த நிமிஷம் விளங்கியது.

அதற்குள் மேனேஜர் வந்து நின்றார். சீட்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். "எந்து பற்றி? என்ன ஆச்சு, சுகமில்லையா?" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "விரதம் சார். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு. பச்சத்தண்ணி பல்லுல படாது" என்றேன். அவர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். பையைப் பற்றி நான் சொன்னது தப்பு என்பதையும் ஒப்புக்கொண்டேன். ஸ்காட்லாந்து அம்மாளும் பை விஷயமாக அவரிடம் தனியாகப் பேசினார். இரண்டு வாரத்தில் பெண்கள் எங்கள் ஏழு பேருக்கும் ஸ்போரன் வந்து சேர்ந்தது.

ஆனால் பக்திமான் அதோடு விடவில்லை. செவ்வாய்க்கிழமை அக்காவுக்குச் சாப்பாடு கொடுத்து விரதத்தைக் கெடுக்கக்கூடாது என்று கேன்டீனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நோய மறைச்சுவிட்டன்னு பாத்தா, என்னயப் பட்டினியில்ல போட்டுட்ட" என்றார் அக்கா. அப்புறம் ஏழு ஸ்போரனும் வேலை பார்த்தன. ஒருத்தி பையில் வாழையிலை சுற்றிய இட்லி, இன்னொருத்தி பையில் வாழைப்பழம், என் பையில் கடலைமிட்டாய். துணிகள் அடுக்கும் அறைக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்து சாப்பிடுவார், நாங்கள் முறை வைத்துக் காவல் நிற்போம். ஒருமுறை தன் மகனின் பரீட்சைக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். அக்கா வாயில் இட்லியோடு தலையாட்டினார். உண்மையாகவே வேண்டவும் செய்தார்.

இரண்டு வருஷமும் இப்படியே ஓடியது. மகளுக்கு மதுரையில் வேலை கிடைத்தது. அக்கா விலகிய கடைசி நாளும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். மத்தியானம் நேராகக் கேன்டீனுக்குப் போய், மேனேஜருக்கு எதிரிலேயே தட்டை வைத்து உட்கார்ந்தார். அவர் திகைத்துப் பார்த்தார். "விரதம் முடிஞ்சிருச்சு சார்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார் அக்கா. நாங்கள் ஆறு பேரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இப்போது அந்த மேனேஜர் இல்லை. புதிதாக வந்தவர் கில்ட்டை எடுத்துவிட்டார். பெண்கள் எல்லோரும் சுடிதாருக்கு வந்துவிட்டோம், அதில் பையும் இருக்கிறது. இந்த ஸ்போரனை மட்டும் நான் கழற்றவில்லை. செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நான் மேசையை விட்டு நகர்வதுமில்லை. பைக்குள் போன் அடிக்கும். எடுப்பதற்குள் கடலைமிட்டாய் கையில் தட்டுப்படும். "ஏட்டி, சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிடுவார்.