வெள்ளைச் சுடிதாரும் படகுச் சவாரியும்

இன்று எங்கள் பட்டாசுக் கம்பெனி டூர். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் போய், தாமிரபரணியில் படகுச் சவாரி.

படகில் என் பக்கத்தில் முத்துமாரி அக்கா. பட்டாசு மருந்து கலக்குகிற கை. அலுமினியப் பவுடர் நகத்திடுக்கில் வெள்ளியாய் ஒட்டியிருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது.

எதிரே வெள்ளைச் சுடிதாரில் ஒரு பெண்மணி. அக்காவின் கையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இவங்களைப் பின்னாடி உட்கார வைங்க. டிரெஸ்ல ஒட்டிக்கும்."

படகுக்காரர் எங்களைப் பார்த்து, "கொஞ்சம் பின்னால போங்கம்மா" என்றார்.

அக்கா அசையவில்லை. "எங்களுக்கும் டிக்கெட்டு கொடுத்துத்தானே ஏத்துனீக? அந்த மகராசிக்கு ஒட்டும்னா அவுகளை அங்கிட்டுப் போகச் சொல்லுங்க."

அந்தப் பெண்மணியே எழுந்து போனார். கரையில் ஆயிரம் வருடத்து மண்டபத்தைக் காட்டினார்கள். எல்லோரும் அதைப் பார்த்தோம், அவர் தன் சுடிதாரைப் பார்த்தார்.

இறங்கியதும், இருட்டுகிற நேரத்தில், பயணிகளுக்காகக் கரையில் வாணவேடிக்கை விட்டார்கள். அதே பெண்மணி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வாவ், சூப்பர்!" என்று கத்தினார்.

பக்கத்தில் கிடந்த காலிப் பெட்டியைப் பார்த்தேன். எங்கள் கம்பெனி லேபிள்.

அந்த வீடியோவை இந்நேரம் எங்காவது போட்டிருப்பார். கண்ணில் பட்டால் எனக்கு அனுப்புங்கள். மருந்து கலக்கிய அக்காவின் கையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், கமெண்டில் போட வேண்டும்.