இரண்டு படங்களுக்கு ஒரே ஊதுவத்திக் கிண்ணம்

நடுவுநிலைமை என்னும் அறத்தை, யார்மீதும் சினவாத சாந்தர்களின் குணமென்று பலர் எண்ணுகின்றனர். பிழை. சினத்தில்தான் அது சுடர்விடும். போர்க்காலத்தில் நாட்டை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரித்த பென் ஹாய் ஆற்றுக்குத் தெற்கே, எங்கள் சிறுநகரத்தின் நடைபாதையில் நூடுல்ஸ் விற்கும் குவே அம்மையிடம் அதைக் கண்டேன்.

அவருக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவர் லோக், போரில் வென்ற வடக்குப் படையில் மாண்டார். இளையவர் பாங், தோற்ற தெற்குப் படையில் மாண்டார். லோக்கின் பெயர் நினைவு மண்டபத்துக் கல்லில் பொன்னெழுத்தாய் நிற்கிறது. அரசு அளித்த சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பாங்குக்குக் கல்லும் இல்லை, கல்லறையும் இல்லை. கடைக்குப் பின்னுள்ள ஒற்றை அறையில், முன்னோர் பலகைமேல், அண்ணன் படத்தருகே தம் படம் நிற்கும் ஒரு சாண் இடமே இவ்வுலகில் அவருக்கு எஞ்சியது. இருவருக்கும் முன்னே ஒரே ஊதுவத்திக் கிண்ணம், ஒரே படையல்.

சென்ற ஜூலையில், தியாகிகள் நாளுக்கு முந்திய காலை, வட்ட அலுவலர் வியென் தொலைக்காட்சிக்காரர் ஒருவரோடு வந்தார். முறைப்படி மூன்று ஊதுவத்தி ஏற்றி, வணங்கி, கிண்ணத்தில் நட்டார். அதன்பின்தான் இளையவர் படத்திலிருந்த தெற்குப் படைச் சீருடை அவர் கண்ணில் பட்டது.

“பெரியம்மா, இந்தப் படத்த ஒரு நிமிஷம் எடுத்துடலாமா? டிவியில வருது பாருங்க.”

“எடுக்க முடியாது தம்பி. அவன் அங்கதான் சாப்புடுறான்.”

“சரி, எடுக்க வேணாம். மறைச்சுட்டாப் போதும்” என்ற வியென், கிண்ணத்தை இரு கையாலும் பற்றி அப்படத்தின் முன்னே நகர்த்தினார்.

எங்கள் ஊரில் குழந்தையும் அதைத் தொடாது. ஆண்டிறுதியில், முன்னோரிடம் அனுமதி கேட்ட பின்னரே வீட்டார் அதை அசைப்பர். கொதிசாறு சொட்டும் அகப்பையோடு நின்ற குவே அம்மை, அந்த அகப்பையாலேயே அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார்.

“ஐயோ, சுடுது!”

“சுடட்டும்டா! உங்க வீட்டுக் கிண்ணத்த இப்படி நகத்துவியா? உங்கம்மா உனக்குச் சோத்த ஊட்டுனாளா, ஆபீஸ் பேப்பர ஊட்டுனாளா?”

“நான் மேலிடத்து உத்தரவுல…”

“மூணு வத்தி இப்பதான் நட்டே. அது ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். என் பாங்கையும் நீ கும்புட்டாச்சு! அந்தப் புகையில பாதிய திருப்பி வாங்கிக்கிறியா? வாங்கு, பாக்கலாம்!”

தொலைக்காட்சிக்காரர் வாயைப் பொத்திச் சிரித்தார்.

“எதிரிப் படைக்காரனக் காட்டுனா என் வேலை போயிடும் பெரியம்மா.”

“எதிரியா? ஒரே பாயில படுத்தவனுங்கடா! ரெண்டு பேரையும் படம் புடிக்கிறதுன்னா புடி. இல்லேன்னா வாசல் அதோ இருக்கு.”

இருவரும் படம் பிடிக்காமலே சென்றனர். அம்மை முன்னோரிடம் பொறுத்தருள வேண்டிக் கிண்ணத்தை நடுவில் வைத்தார்.

மறுநாள், விழாவுக்காக நடைபாதையைத் தூய்மை செய்கிறோமென்று வட்ட அலுவலகத்தார் அவருடைய ஸ்டூல்கள் அத்தனையையும் லாரியில் அள்ளிப் போயினர். மாண்டோரை மறவோம் என்று ஒலிபெருக்கி முழங்கிய அதே வேளையில்! மறவாமையைப் பற்றிப் பேச அவர்களுக்கு நாக்கு எப்படி எழுந்தது? நாங்கள் நின்றபடியே உண்டோம்.

ஒருதாய் மக்களை இரண்டாக்க மறுத்த அந்த மனையில் அரிசி குறையாதிருக்க, அடுப்பு அவியாதிருக்க, அங்குப் பிறக்கும் பிள்ளைகள் எப்படைக்கும் இரையாகாது நெடிது வாழ்க!