காதுக்குள் புகுந்த அந்துப்பூச்சி

மூன்று வருடங்களுக்கு முன், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் நான் தனியாகக் குடியிருந்தபோது நடந்தது இது. வங்கி வேலையில் மாற்றலாகி வந்திருந்தேன். கணவரும் மகளும் திருச்சியில். சாயங்காலம் வீடு திரும்பினால் பேச ஆள் கிடையாது. அதனால் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். இருட்டியதும் தோட்டத்து விளக்கின் கீழே பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் திரைபோல விரித்துக் கட்டுவேன். அதில் வந்து உட்காரும் அந்துப்பூச்சிகளைப் போனில் படம்பிடித்து, என்ன பெயர் என்று தேடிக் குறித்து வைப்பேன்.

பக்கத்து வீட்டு மீன்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பார். "இன்னா மேடம், இன்னிக்கு எத்தினி பூச்சி?" என்பார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஒருநாள் பச்சை நிறத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதைப் படமெடுக்க வேட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்த வேறொரு குட்டிப் பூச்சி சட்டென்று என் காதுக்குள் புகுந்துவிட்டது. உள்ளே அது சிறகடிக்க, தலைக்குள் பறை அடிப்பது போலிருந்தது. வலி தாங்காமல் தரையில் விழுந்து அலறினேன்.

வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார் அந்த அம்மா.

"காதுல பூச்சி..." என்று அழுதேன்.

"வெரல வுடாதே! உள்ள பூடும். காதுல சீழு கீழு வருமா உனக்கு?"

இல்லை என்று தலையாட்டினேன். தன் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடாக்கி எடுத்து வந்தார். என் தலையை மடியில் சாய்த்து, சொட்டுச் சொட்டாக விட்டார். நான் துடிக்கத் துடிக்க, நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கம்னு இரு கண்ணு. தோ, நான் கீறேன்ல."

'மேடம்' எங்கோ போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் சிறகடிப்பு ஓய்ந்தது. ஆனால் என் அழுகை மட்டும் நிற்கவில்லை. அது வலிக்காக வந்த அழுகையில்லை என்று எனக்கே தெரிந்தது. அவரும் ஏன் என்று கேட்காமல், தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

காலையில் அவர் வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகாமல், கூட்டாளியின் ஆட்டோவை வாங்கிவந்து எங்கள் இருவரையும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் பூச்சியை எடுத்து, காதுக்கு ஒன்றுமில்லை என்றார்.

வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார். "இம்மாம் பாடு படுத்திச்சே, அது பேரு இன்னா?"

"தெரியலம்மா. எண்ணெயில ஊறி, சிறகெல்லாம் உதிர்ந்துபோச்சு."

"அய்யோ பாவம்! பேரு தெரியாமயே செத்துப்பூடுச்சா?" என்று அந்தப் பூச்சிக்காகவும் வருத்தப்பட்டார்.

இப்போது மாற்றலாகித் திருச்சிக்கே வந்துவிட்டேன். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில், பழகாத வீட்டிலிருந்து ஓர் அலறல் சத்தம் கேட்டாலும் நமக்கென்ன என்று உட்கார்ந்திருக்க முடிவதில்லை. யோசிப்பதற்கு முன்பே எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டிவிடுகிறேன்.